கின்ஷாசாவில் தாய்மாமனுக்குப் போட்ட கதிரை

எழுத்துப் பிழைகளுக்கு முதலே மன்னிப்புக் கேட்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மறதியும் கூடிவிட்டது. ஆனாலும் கின்ஷாசாவுக்குப் போய் வந்ததை நான்தான் எழுத வேண்டும். நான் இருக்கிற இந்தப் பிராண்டே ஊரில் எங்கள் தமிழ்ச் சனத்தில் வேறு ஒருவரும் அங்கே போனதில்லை. போகாதவர்கள்தான் அந்த ஊரைப் பற்றி அதிகம் கதைக்கிறார்கள்.

என் மகள், ஆஸ்பத்திரியில் தன்னோடு வேலை செய்யும் கொங்கோக்காரரைக் கட்டப்போவதாகச் சொன்னாள். கலியாணம் அவருடைய ஊரான கின்ஷாசாவில். ஓல்போர்க்கில் இருக்கும் என் அண்ணன் தொலைபேசியில், "அங்க போனியெண்டா இனி என்ர வாசல் மிதிக்காத" என்றார். மன்னாரில் இருந்து என்னை இந்தக் குளிர் நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர். அவருக்கு அதுவரை ஓம் என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. அன்று, "நான் போறன், அண்ணை" என்றேன்.

கின்ஷாசா ஆற்றங்கரைத் தலைநகரம். ஆறு என்றால் நாங்கள் நினைக்கிற ஆறு இல்லை. மன்னாரில் கடலைப் பார்த்து வளர்ந்த நானே அதைக் கடல் என்றுதான் நினைத்தேன். ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து போகிறது. அக்கரையில் தெரிகிற கட்டடங்கள் இன்னொரு நாட்டின் தலைநகரம். நடுவில் பாலம் இல்லை, படகில்தான் போக வேண்டும்.

தெருவில் குப்பை உண்டு. கரண்ட் போகும். ஆட்களை ஏற்றுகிற மஞ்சள் வான்கள் நகராமல் நெரிபட்டு நிற்கும். நான் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அந்த நெரிசலுக்குள் தலையில் பாண் ரொட்டித் தட்டோடு நடக்கிற பெண்ணின் முதுகு வளையாது. ஞாயிறு பூசைக்கு மண் ஒழுங்கைகளால் நடந்து வருகிற ஆண்களின் சப்பாத்தில் தூசி இருக்காது. மரவள்ளி இலையை இடித்துக் கருவாடு போட்டுக் காய்ச்சுகிறார்கள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். சீதனம் என்று என் காப்புகளை லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுபோய் மாப்பிள்ளையின் தாயின் கையில் வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, இஞ்ச மாப்பிள்ளை வீட்டுக்காரர்தான் குடுக்கிறது" என்றாள் மகள். அந்தத் தாய் காப்புகளைத் திரும்ப என் கையிலேயே போட்டுவிட்டார்.

பிறகு முன்வரிசையில் ஒரு கதிரையைக் காட்டி, பெண்ணின் தாய்மாமன் எங்கே என்று கேட்டார். அங்கேயும் தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். மாமனுக்கென்று ஒரு சூட்கூடத் தைத்து வைத்திருந்தார்கள். மகளிடம் இருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தே தையற்காரர் அளவை மதிப்பிட்டாராம். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. படம் எடுக்கும்போதும் பின்னால் ஒதுங்குகிறவள் நான். நேரே போய் அந்தக் கதிரையில் இருந்தேன். மாமனுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் எனக்குச் செய்தார்கள்.

திரும்பி வந்து, பஸ் பிடித்து ஓல்போர்க் போனேன். வாசலை மிதிக்கவில்லை. படிக்குக் கீழே நின்று சூட் இருந்த பெட்டியை நீட்டி, "இது தாய்மாமனுக்கு அவையள் தந்தது" என்றேன். அண்ணன் வாங்கினார். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். இனி அவர் கூப்பிட்டாலும், மகளும் மருமகனும் வரலாம் என்றால்தான் போவேன்.

அக்கரைத் தலைநகரத்தின் பெயரும் ஆற்றின் அகலமும் எனக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். ஓல்போர்க்கில் இருக்கிறவர்கள் யாராவது, அந்தச் சூட் அண்ணனுக்கு அளவோ என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.