பாதி விலைக்கு மேல்

ரிப்பேர் செலவு புதிதின் விலையில் பாதியைத் தாண்டினால் பழசைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓஹியோவில் எங்கள் சின்ன ஊரில் சொந்த வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கல்யாண நாளை மறந்தவன்கூட இந்தப் பாதிக் கணக்கை மறக்க மாட்டான். கார்லீனுக்கு அது செத்துப்போன புருஷன் கிளிஃபர்டின் வாக்கும்கூட. அதனால் அதை மீறுவதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ரொட்டிக்காரன் ஒரு தட்டு குறைத்து இறக்கினால் வண்டி கிளம்புவதற்குள் பிடித்துவிடுவாள். "கார்லீன் கண்ணுல மண்ணத் தூவ முடியாது" என்று தலைமையாசிரியரே சொல்வார். அப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் வெண்டல்.

வெண்டல் வீட்டு மெஷின்களை ரிப்பேர் செய்கிறவன். கிளிஃபர்டும் அவனும் இருபத்திரண்டு வருஷம் ஒரே பவுலிங் குழு. வியாழக்கிழமை சாயங்காலம் பந்து உருட்டப் போனால் வீட்டில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்கள். குழுவில் ஆளுக்கொரு நீலத் துண்டு, மூலையில் பெயர் தைத்தது. கிளிஃபர்டின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்னால் நின்றவன் வெண்டல்தான். அதற்குப் பிறகு ஒன்பது குளிர்காலம், பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும் அவள் எழுந்திருக்கும் முன்பே வந்து வாசல் பனியை வழித்துவிட்டுப் போய்விடுவான். யார் வீட்டுக்குப் போனாலும் வாசப்படி மிதித்ததற்கே எழுபத்தைந்து டாலர் வாங்குகிறவன், கார்லீனிடம் மட்டும் அதை வாங்கியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் சர்ச்சில் அவனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

போன வருஷம் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்காமல் நின்றபோதும் அவனைத்தான் கூப்பிட்டாள். நிலவறையில் அரை மணி நேரம் உருட்டிவிட்டு மேலே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"புதுசு இப்ப என்ன விலைக்குப் போகுது, கார்லீன்?"

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வந்த விளம்பரத்தை அவள் தயாராக வைத்திருந்தாள். "எழுநூறுக்கு வருது."

அவன் உச்சுக் கொட்டினான். "கியர் பெட்டியே போயிடுச்சு. என் கூலிய விட்டுட்டாலும் முன்னூத்தெண்பது ஆகும். உன் தலையில மிளகா அரைக்க எனக்கு மனசு வராதும்மா. தூக்கிப் போட்டுடு."

"கிளிஃபர்டா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு."

"பழச எடுத்துட்டுப் போறதுக்குக் கடைக்காரன் தனியாக் காசு புடுங்குவான். நானே வண்டில ஏத்திக்கிறேன், விடு."

அந்த நல்ல மனசுக்கு ஒரு முழு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

இந்த அக்டோபரில் சர்ச்சுக்குப் புதிதாகச் சேர்ந்த கெல்சி என்கிற பெண் தன் வீட்டுக்கு எல்லோரையும் அழைத்திருந்தாள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற விருந்து. கார்லீன் எடுத்துப்போன உருளைக்கிழங்குச் சீஸ் தட்டை வைக்க மேலே இடமில்லை. "நிலவறை ஃப்ரிட்ஜுல வைங்க, வாங்க" என்று கெல்சி கூட்டிப்போனாள்.

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருகி ஓட்டும் குமிழில் மூன்று சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி போடாமல் தெரிவதற்காகக் கார்லீன் நகப்பூச்சால் வைத்த புள்ளிகள்.

"இது எங்க வாங்கினே?"

"நம்ம வெண்டல் குடுத்தாரு, இருநூத்தைம்பது டாலர். தண்ணி வெளிய போற குழாயில ஒரு காலுறை மாட்டியிருந்துச்சாம், அவ்வளவுதானாம். உருவிப் போட்டதும் ஓட ஆரம்பிச்சுடுச்சாம்." கெல்சி சிரித்தாள். "ஜனங்க நல்லாயிருக்கறத எல்லாம் எப்படித்தான் தூக்கிப் போடறாங்களோ!"

புருஷனைப் புதைத்த அன்றுகூட நாலு வாய் சாப்பிட்டவள் கார்லீன். அன்று அந்த விருந்தில் அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவனுக்காக அவளே வக்காலத்து வாங்கினாள். முதலில் அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கும், பிறகு பிரித்தபோதுதான் காலுறை கிடைத்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் போன ஃப்ரிட்ஜும் அடுப்பும் நினைவுக்கு வந்தன. ஃப்ரிட்ஜ் ஆயிரம் என்று அவள் சொன்னபோது ஐந்நூற்றிருபது ஆகும் என்றான். அடுப்பு அறுநூறு என்றபோது முன்னூற்றுப் பதினைந்து. மூன்று முறையும் முதலில் அவளிடம் விலையைக் கேட்டிருக்கிறான். கேட்டுக்கொண்ட பிறகுதான் அவன் வாயிலிருந்து தொகை வந்திருக்கிறது. கிளிஃபர்டின் வாக்கையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டிருக்கிறான், அவளும் ஒவ்வொரு தரமும் பை சுட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இருந்தும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. ஒன்பது வருஷம் வாசலை வழித்தவனை ஒரு காலுறைக்காக எப்படி விடுவது? ஒரே ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்க்க நினைத்தாள். துணி காயவைக்கும் டிரையருக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பின்னால் சூடான காற்று வெளியே போகிற குழாயைக் கழற்றி, கிளிஃபர்டின் நீலத் துண்டைச் சுருட்டி உள்ளே திணித்து, மறுபடி மாட்டினாள். துணி காயவில்லை என்றால் எந்த ரிப்பேர்காரனும் முதலில் பார்ப்பது அந்தக் குழாயைத்தான். வெண்டல் துண்டை உருவிக்கொண்டு படியேறி வந்து, "ஏ கிறுக்கி, இத எதுக்குக் குழாய்ல திணிச்சே?" என்று சிரித்தால் போதும். வாஷிங் மெஷினைப் பற்றி ஆயுசுக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள். ஆப்பிள் பையும் சுட்டு வைத்தாள்.

டிரையரில் துணி காயவில்லை என்று கூப்பிட்டதும் வெண்டல் வந்தான். அவள் சமையலறையிலேயே உட்கார்ந்து, கீழே டிரையர் நகரும் சத்தத்தையும் குழாய் கழலும் சத்தத்தையும் கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் அவள், சிரிடா, சிரித்துக்கொண்டு மேலே வாடா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவன் டூல்ஸ் பெட்டியோடு மேலே வந்தான். கையைத் துடைத்தான்.

"புதுசு இப்ப என்ன விலைக்குப் போகுது, கார்லீன்?"

விளம்பரத்தில் அறுநூற்று நாற்பது போட்டிருந்தது. "நானூறு" என்றாள். "தள்ளுபடியில."

அவன் ஒரு நொடி யோசித்தான். "மோட்டார் போச்சு. சூடு பண்ற கம்பியும் சேந்து போச்சு. என் கூலிய விட்டுட்டாலும் இருநூத்திப் பத்து ஆயிடும். பாதிக்கு மேல. கிளிஃபர்ட் இருந்தா என்ன சொல்லுவான்னு உனக்கே தெரியும்."

"காத்து போற குழாயப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? சுத்தமா இருக்கு."

பெட்டி மூடியின் இடுக்கில் நீலமாக ஒரு முனை தெரிந்தது. எலி நுழையாமல் இருக்கக் குழாயில் கந்தலைத் திணிப்பது எங்கள் ஊரில் உண்டு. கிழவி திணித்துவிட்டு மறந்துபோனாள் என்று நினைத்திருப்பான். துண்டில் தைத்திருந்த பெயரைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டான்.

கார்லீன் எழுந்து கைப்பையிலிருந்து எழுபத்தைந்து டாலரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இது என்னத்துக்கு?"

"வாசப்படி மிதிச்சதுக்கு."

"என்ன விளையாட்டு இது? உங்கிட்ட நான் என்னிக்கு வாங்கியிருக்கேன்?"

"சிநேகிதங்ககிட்டதான் வாங்க மாட்டே. மத்தவங்ககிட்ட வாங்குவேல்ல, எடுத்துக்கோ. டிரையர் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கும்." அவள் கையை நீட்டினாள். "அந்தத் துண்டக் குடுத்துட்டுப் போ. அது கிளிஃபர்டோடது."

வெண்டலின் முகம் செத்துப்போயிற்று. பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தான். "கார்லீன், இப்ப யாரும் ரிப்பேருக்குக் கூப்பிடறதே இல்ல. பொழப்பு ரொம்ப மோசமாயிடுச்சு..."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா, பாவி!" என்று கத்தினாள். "என் வீட்ல இருக்கற அத்தனையும் குடுத்திருப்பேன்."

அவன் பணத்தைத் தொடவில்லை. அவளே எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்துக் கதவைத் திறந்து விட்டாள். பிறகு கீழே போய், குழாயை மாட்டி, துண்டைத் துவைத்து டிரையரில் போட்டாள். சூடாகக் காய்ந்து வந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. கார்லீன் இருட்டோடு எழுந்து, கராஜில் கிடந்த கிளிஃபர்டின் பனி வாரும் பலகையை எடுத்து வாசலை வழித்தாள். பாதி வழித்திருக்கும்போது வெண்டலின் வண்டி வந்து வீட்டு முன்னால் நின்றது. அவள் நிமிரவில்லை. வண்டி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது, அவள் மீதிப் பாதியையும் வழித்து முடித்தாள்.