மூக்கு நுனியில் வைத்த பொட்டு

உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைக் கண்ணாடி அது. ஒரு பக்கம் ரப்பர் பந்து, மறுபக்கம் ஊசியளவு துவாரமுள்ள மூக்கு. இளைப்பு வந்தால் டிரைவர் அண்ணன் அதை வாயில் வைத்துப் பந்தை அமுக்குவார். உள்ளே இருக்கும் மருந்து பனிப்புகை போல நெஞ்சுக்குள் போகும். நாலைந்து தரம் அமுக்கியதும் ஏறியிருந்த தோள் இறங்கும். புதுக்கோட்டை டாக்டர் கொடுத்தது. யுத்த காலம், உடைந்தால் இன்னொன்று சீமையிலிருந்து வராது என்று சொல்லித்தான் கொடுத்தாராம்.

அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு ஓடிய கரி பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் பஞ்சத்தால் வண்டியின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். இளைப்புக்காரர் செய்கிற வேலையா அது? ஆனால் வேறு வேலை அவருக்குத் தெரியாது. அவரைத் தவிர அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவரும் எங்கள் ஊரில் இல்லை.

ஆயுதபூஜையன்று வண்டி ஓடவில்லை. அலங்காரம் என் பொறுப்பு. எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. ஸ்டியரிங், ஹாரன், ஸ்பானர், டிக்கெட் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். அண்ணனுக்கு உயிர் கொடுக்கிற ஆயுதத்தை மட்டும் விடலாமா என்று அந்தக் கண்ணாடியையும் படையலில் சேர்த்தேன். வழவழத்த உருண்டையில் சந்தனம் நிற்கவில்லை. மூக்கு நுனியில் அழுத்தி வைத்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தார்.

சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் அவருக்கு இளைப்பு கண்டுவிட்டது. கண்ணாடியை எடுத்து அமுக்கினார். பந்து சுருங்கியது, மருந்து வரவில்லை. சந்தனம் துவாரத்தில் இறங்கிக் காய்ந்திருந்தது. நான் பிடுங்கித் துடைத்தேன், ஊதினேன், விளக்குமாற்று ஈர்க்கை விட்டுக் குத்தினேன். மூக்கு முறிந்து மருந்து என் கையில் வழிந்தது.

பக்கத்திலேயே பஸ் மாலையோடு நின்றது. அதை ஓட்ட வேண்டியவர் தரையில் கைகளை ஊன்றித் தவித்துக்கொண்டிருந்தார். மாட்டுவண்டி பூட்டி ஏற்றினோம். தகவல் கேட்டு ஓடிவந்த அண்ணன் பெண்சாதி, என் மதினியும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அண்ணன் முதுகைத் தடவினேன். அது அவருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும். எனக்குச் செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

கண்ணாடி எப்படி உடைந்தது என்று மதினி என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் கையை உயர்த்தினார்.

“நாந்தான்… கீழ… போட்டுட்டேன்.”

மூன்று வார்த்தைக்கு மூன்று முறை மூச்சை இழுத்தார். பிறகு பேசவில்லை. புதுக்கோட்டை போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று என் பேரன் சட்டைப்பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறான். இரண்டு தரம் உறிஞ்சிவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுகிறான். எனக்குச் சந்தோஷம்தான், வயிற்றெரிச்சலும்தான்.

மதினி சாகும்வரை, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதார். “அவுகளுக்குக் கவனம் பத்தாது. கையில இருந்த உசுரக் கீழ போட்டு ஒடச்சிட்டாக.”

பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு இளைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.