பார்வையாளர் வாங்கில் பரீதா

பரீதா பிரதேச சபைக் கூட்டத்துக்கு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. உறுப்பினர்களில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர் ஒருவரும் இல்லை. எந்தச் சபை என்று கேட்க வேண்டாம். குச்சவெளி பஸ்ஸில் போனால் வரும், அவ்வளவு போதும். பரீதா களப்பில் கையால் இறால் பிடிக்கிறவர். கூட்ட நாளில் விடியவே வேலையை முடித்து, குளித்து, சீ.ஆர். கொப்பியும் பேனையுமாக வந்து பார்வையாளர் வாங்கில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார்.

வாங்குக்கு மேலே ‘பார்வையாளர் பேசக் கூடாது’ என்றொரு பலகை. போன வருடம் தெருவிளக்குக்காக வாய் திறந்த பரீதாவைப் பிடித்து வெளியே அனுப்பினார்கள். அந்த அவமானம் அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே கொப்பி வாங்கினார். பேசத்தானே கூடாது, எழுதலாமே! யார் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது எழும்பிப் போனார், யார் கொட்டாவி விட்டார், எல்லாம் அதில் ஏறும்.

இந்த மாதம் கூட்டம் தொடங்குமுன், விளம்பரப் பலகையில் ஒட்டியிருந்த போன கூட்டத்து அறிக்கையைப் பரீதா இரண்டு தரம் படித்தார். களப்புக்கு இறங்கும் ஒரே பாதையான ஒழுங்கையை ஹோட்டல்காரருக்குக் குத்தகைக்குக் கொடுக்க, பிற்பகல் 12.40க்குச் சபை ஏகமனதாகச் சம்மதித்ததாம். வழிமொழிந்தவர் உறுப்பினர் கலீலுர் றஹ்மானாம். அந்த ஒழுங்கை அடைபட்டால் பரீதாவும் இன்னும் முப்பது பெண்களும் களப்பில் கால் வைக்க முடியாது. இன்றைக்கு அறிக்கையை உறுதிப்படுத்திவிட்டால் கதை முடிந்தது. உறுதிப்படுத்துகிற அழகும் அவருக்குத் தெரியும். “வாசித்ததாகக் கொள்வோம்” என்பார் தவிசாளர். ஒருவரும் வாசித்திருக்க மாட்டார்கள். கை மட்டும் உயரும்.

வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திய உறுப்பினர் சோபனாவை மறித்தார்.

“தங்கச்சி, அறிக்கைய வாசிச்சீங்களா?”

“இல்லையக்கா, நேரம் கிடைக்கேல்ல.”

“போன கூட்டம் என்ன கிழமை?”

“வியாழன் போயா லீவு எண்டு வெள்ளிக்கு மாத்தினது.”

“வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாப்பதுக்கு றஹ்மான் நானா எங்க இருப்பார்?”

சோபனா நின்ற இடத்திலேயே நின்றார். பரீதா கொப்பியைப் புரட்டிக் காட்டினார். 12.05க்கு றஹ்மானும் வேறு ஆறு பேரும் ஜும்மா தொழுகைக்கு எழும்பிப் போயிருக்கிறார்கள். மிஞ்சியது ஐந்து பேர். ஒழுங்கை பற்றி அன்று யாரும் பேசியதாகக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. அத்தனை குறைந்த ஆட்களை வைத்துச் சபை எந்தத் தீர்மானமும் எடுக்க முடியாது.

கூட்டம் தொடங்கியது. “வாசித்ததாகக் கொள்வோம்” என்றார் தவிசாளர். கைகள் பாதி உயரும்போதே சோபனா எழுந்தார்.

“கௌரவ உறுப்பினர் றஹ்மான் அவர்களே, அண்டைக்குப் பன்னிரண்டு நாப்பதுக்கு நீங்கள் இந்தக் கதிரையில இருந்தனீங்களா?”

றஹ்மான் தவிசாளரின் கட்சிக்காரர். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் கட்சிக்குள் நல்ல பெயர். ஆனால் அன்று பள்ளிவாசலில் முன்வரிசையில் அவர் இருந்ததை ஊரே பார்த்திருந்தது. மனிதர் தவிசாளரைப் பார்த்தார், பிறகு நெற்றியைத் துடைத்தார்.

“ஜும்மாவ விட்டுட்டு இங்க இருந்தனான் எண்டு நான் பொய் சொல்ல ஏலாது. நான் வழிமொழியவும் இல்ல.”

“அப்ப அந்த நேரம் எத்தின பேர் இருந்தது?” என்று தவிசாளர் கேட்டார். செயலாளர் தாள்களைப் புரட்டினார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பார்வையாளர் வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்கள்தான் எல்லாம் எழுதுறீங்களே, சொல்லுங்கோவன்,” என்றார் தவிசாளர்.

பரீதா வாய் திறக்கவில்லை. விரலை மட்டும் உயர்த்தித் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

தவிசாளரின் முகம் சிவந்தது. “சரி, சபை அனுமதி தருது. கதையுங்கோ.”

பரீதா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். “அனுமதி தந்தத முதல்ல அறிக்கையில எழுதச் சொல்லுங்கோ.”

செயலாளர் எழுதி முடிக்கும்வரை நின்றார். பிறகு கொப்பியைத் திறந்து சத்தமாக வாசித்தார். ஒழுங்கை பற்றிய வரி வெட்டப்பட்டது. அது எத்தனை மணிக்கு வெட்டப்பட்டது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.