என் மனைவியின் செவிப்பறை

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த வகுப்பின் சுகாதாரப் புத்தகத்தில் ஐம்பொறிகள் என்று ஒரு பாடம் இருந்தது. கண்ணுக்கு ஒரு படம், காதுக்கு ஒரு படம், மூக்கும் நாக்கும் ஒரே பக்கத்தில். விழித்திரை, கருவிழி, செவிமடல், செவிப்பறை, நாசித் துவாரம், சுவை அரும்பு என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கும். காதுக்குள் மூன்று சின்ன எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி என்றால் என்ன என்று வாத்தியாரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. குதிரை ஏறுகிறவன் கால் வைக்கிற வளையம் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் குதிரை ஏது?

பரீட்சை முடிந்ததும் அந்தச் சொற்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மலாயாவில், ஜாசினுக்கும் நியாலாசுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே நோய்களுக்கு வேறு பெயர்கள். கருவிழியில் வெள்ளை படர்ந்தால் ‘பூ விழுந்துடுச்சு’. மூக்கடைத்துத் தலை கனத்தால் ‘பீனிசம்’. நாக்கு சிவந்து காரம் தாங்காமல் போனால் ‘நாக்கு வெந்துபோச்சு’. அரிசியை அளந்து கொடுத்த அந்த நாட்களில் வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு நாக்கு வெந்துதான் இருந்தது. காதில் சீழ் வந்தால் ‘காது ஒழுகுது’. பெயர் எதுவானாலும் மருந்து பெரும்பாலும் ஒன்றே. நல்லெண்ணெய்.

அது அவசரகாலம். அரசை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். அந்த வாசலில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நிற்பார். பெரும்பாலும் பக்கத்துக் கம்பங்களிலிருந்து, அதாவது கிராமங்களிலிருந்து, வந்த மலாய் இளைஞர்கள். காலையில் அவர் சோதித்து அனுப்பினால்தான் பால்வெட்டுக்குப் போகலாம். திரும்பும்போதும் அப்படியே. ‘பெர்ஹெந்தி’ என்று அவர் கத்தினால் நின்றுவிட வேண்டும். மலாய் ஒரு சொல்லும் தெரியாதவர்களுக்குக்கூட அந்தச் சொல் தெரியும். நிற்காதவரைச் சுடலாம் என்று அவர்களுக்கு உத்தரவு.

அந்தக் காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் வேறொரு தோட்டத்தைச் சேர்ந்தவள். நான் கூச்சக்காரன். பேசினால் என் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது நான் ‘ஐயா’ என்பது காதில் விழாமல், வராதவன் என்று கணக்கு எழுதுகிற கிராணி குறித்துவிட்டதும் உண்டு. அப்படிப்பட்டவன் பேசும்போது என் மனைவி கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பாள். கண்ணை எடுக்க மாட்டாள். என்னை இதற்குமுன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அவள் அதிகம் பேசுகிறவளும் இல்லை. லயத்தில் புது மருமகள் வாய் திறக்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய பேர் கிடையாது. கூப்பிட்டதும் பதில் சொல்லாமல் எதிரில் வந்து நிற்பதும், தலையை மட்டும் ஆட்டுவதும் பணிவு என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா குழாயடியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

“என் மருமவள நான் என்ன சொன்னாலும் ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா. உங்க வீட்டுல இருக்கே, ரேடியோப் பொட்டி, அது மாதிரி இல்ல!”

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அவளை உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள். பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு காதிலும் இளஞ்சூடாக ஊற்றுவாள். அவள் காது லேசாக ஒழுகுவது அம்மாவுக்குத் தெரியும். அதற்காகவே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தாள்.

வாசலிலும் அவளுக்கு இடைஞ்சல் வந்ததில்லை. எப்போதும் பெண்கள் கூட்டத்தின் நடுவில் போவாள். முன்னால் போகிறவள் நின்றால் நிற்பாள், நடந்தால் நடப்பாள்.

ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்தில் லாரியைக் கொளுத்திவிட்டார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம். எங்கள் வாசலில் புதிதாக ஒரு கான்ஸ்டபிள் வந்திருந்தார். மீசை சரியாக முளைக்காத முகம். முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது. நான் ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு முன்னதாகவே உள்ளே வந்து, ஸ்டோரில் வாளி கழுவிக்கொண்டிருந்த மனைவிக்காக வாசலோரத்துக் கொட்டகையில் ஒதுங்கி நின்றேன். மற்றப் பெண்களெல்லாம் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் தனியாகக் கடைசியில் வந்தாள். தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, குனிந்தபடி, வெறும் வாளிகளோடு வேகமாக வந்தாள்.

“பெர்ஹெந்தி!” என்றார் கான்ஸ்டபிள்.

அவள் நிற்கவில்லை.

மறுபடியும் கத்தினார். குரல் கீச்சென்று உடைந்தது. அவள் நடந்துகொண்டேயிருந்தாள். அவர் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார்.

நான் கத்தினேன். என் உடம்பில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். லயத்துக் கோழிகள் சிதறி ஓடின. கொட்டகையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் தலை நிமிரவில்லை.

எனக்கு அப்போது விளங்கியது. வாசலைத் தாண்டி ஓடினேன். பின்னால் கான்ஸ்டபிள் என்னைப் பார்த்துக் கத்தியது காதில் விழுந்தது. அவளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு கையால் அவள் தோளைப் பிடித்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மழையில் குடைகூட இல்லாமல் எதிர்கொண்டு அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள்.

கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தாழ்த்தினார். கிட்டே வந்து, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, “பினி காவ் பெக்காக்கா?” என்று கேட்டார். உன் பெண்டாட்டி செவிடா என்று கேட்கிறார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் வேலிக் கம்பத்தில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, மழையா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் போனதும் அவள் ஈரச் சேலையோடு சுவரோரம் நின்றாள். நடந்ததை நான் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

“என்னைய எங்கப்பா வீட்டுக்கு அனுப்பிருவீங்களா?” என்றாள்.

சின்ன வயதில் அம்மை போட்டதிலிருந்தே காது ஒழுகுகிறதாம். கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிற்று. சொன்னால் கல்யாணம் நடக்காது என்று அவள் வீட்டில் வாயைக் கட்டிவிட்டார்கள். இத்தனை நாளும் எங்கள் உதடுகளைப் பார்த்தே குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“அடியே, அப்ப இத்தன மாசமா நான் செவுத்துகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேனா?” என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். “அதுவும் நல்லதுக்குத்தான். நான் திட்டுனது ஒண்ணும் உன் காதுல விழுந்திருக்காது.”

அவள் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். “திட்டுனது எல்லாம் தெரியும் அத்த. நீங்க திட்டுறப்ப வாய நல்லாத் தெறந்து திட்டுவீங்க.”

அம்மா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உலர்ந்த துணி ஒன்றை எடுத்து அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். அனுப்புகிற பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன, காதோ எண்ணெய்ப் பீப்பாயோ? ஆர் இப்பிடி எண்ணெய் விட்டது?”

“நாந்தாங்கய்யா,” என்றாள் அம்மா. “வெள்ளிக்கெழம தவறாம ஊத்துவேன்.”

“உள்ளியும் போட்டனீங்களோ?”

“பூண்டுங்களா? போட்டேங்கய்யா.”

“மிளகு?”

“ரெண்டு.”

“பிறகென்ன, உப்புப் போட்டால் குழம்புதான்.”

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அதைக் கண்ட டிரெசர் குரலைத் தணித்துக்கொண்டார். இங்கிலீஷில் நீளமான ஒரு நோய்ப் பெயரைச் சொல்லிவிட்டு, “உள்ளுக்குப் பறையிலை ஓட்டை. ரெண்டு பக்கமும்,” என்றார்.

“செவிப்பறையிலயாங்கய்யா?” என்று நான் பின்னாலிருந்து கேட்டேன்.

“ஓம், செவிப்பறைதான். அதை உம்முடைய மனுசிக்குச் சொல்லும். நான் சொன்னால் விளங்காது, என்ர வாய் மீசைக்குள்ளை கிடக்கு.”

அவள் எதிரில் போய் நின்றேன். ஆறாம் வகுப்பில் படித்த சொல், மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கிய சொல். அது ஒரு மனுஷியின் தலைக்குள் கிழிந்து கிடக்கும் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இடது கையை விரித்து, அதுதான் தோல் என்றேன். சத்தம் வந்து அதில் மோதும், அதிரும், பின்னால் இருக்கிற சின்ன எலும்புகள் அதை உள்ளே கொண்டுபோகும் என்று, கூச்சத்தை விட்டு, டிரெசரும் அம்மாவும் பார்க்க வாயை அகலத் திறந்து சொன்னேன்.

“கோயில் திருவிழாவுல தப்பு அடிக்கிறாங்கல்ல, அந்தத் தோலு மாதிரி. உனக்கு அதுல ஓட்ட விழுந்திருக்கு.”

“தப்புன்னா தீயில காட்டுவாங்க,” என்றாள் அவள். “எனக்கும் காட்டணுமா?”

டிரெசர் வாய்விட்டுச் சிரித்தார். “தீயொண்டும் வேண்டாம். காய விட்டால் போதும். எண்ணெயும் தண்ணியும் உள்ளுக்குப் போகக் கூடாது. குளிக்கிற நேரம் பஞ்சு வையுங்கோ.”

பிறகு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதை ஒரு நர்சம்மா தமிழில் சொன்னார். வலது காதில் எலும்புகளும் அரித்துப் போய்விட்டன. அது இனித் திரும்பாது. இடது காது காய்ந்தால் ஓரளவு கேட்கலாம். பஸ்ஸில் வரும்போது அவள் எலும்புகளின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். சுத்தி, பட்டடை, அங்கவடி. ஆசாரி வீட்டுச் சாமானெல்லாம் என் காதுக்குள்ள கெடந்திருக்கு, எனக்குத் தெரியல பாருங்க என்றாள். பேச்சு வேடிக்கையாக இருந்தாலும், ஜாசின் வரும்வரை வலது காதைக் கையால் மூடியபடியே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றுபோனது அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. எண்ணெய்க்குப் பதில் பஞ்சு உருட்டிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டாள். இட்லி அளவுக்கு உருட்டினாள். இவ்வளவு பெரிசு காதுக்குள் போகாது என்று நான்தான் பிய்த்துப் பிய்த்துச் சின்னதாக்குவேன்.

ஆனால் வாசல் அப்படியே இருந்தது. காது கேட்காத ஆளை வெளியே விட முடியாது, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று கிராணி அவள் பெயரை நிறுத்திவைத்தார். அவள் வேலிக்குள்ளேயே கிடந்தாள். நாங்கள் வெட்டுக்குப் போகும்போது கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தால்கூட அந்த முகம் அப்படி இருந்திருக்காது.

ஒருநாள் காலை நானே அந்தக் கான்ஸ்டபிளிடம் போனேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மலாயில் கோத்து வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவளை வரச் சொன்னார். தன் வலது கையைத் தலைக்கு மேலே நிமிர்த்தி, உள்ளங்கையைக் காட்டினார். இப்படிக் காட்டினால் நில். கையை மடக்கினால் வா. அவள் அங்கேயே ஒத்திகை பார்த்தாள். நின்றாள், வந்தாள், நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அவரே கிராணியிடம் வந்து பேசினார். அவள் மறுபடி வெட்டுக்குப் போனாள். வாசலுக்கு வரும்போது மட்டும் மழையானாலும் தலை நிமிர்ந்து வர வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

கான்ஸ்டபிள்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்தால் எனக்கு முதல்நாள் சாப்பாடு இறங்காது. விடிந்ததும் அவரிடம் போய், “எஞ்சே, பினி சாயா தெலிங்கா குராங் டெங்கார்,” என்பேன். ஐயா, என் மனைவிக்குக் காது குறைவாகத்தான் கேட்கும் என்று பொருள். அவளைப் பக்கத்தில் நிறுத்தி முகத்தைக் காட்டுவேன். கையைத் தூக்கிக் காட்டுவேன். சிலர் எரிச்சல்படுவார்கள். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்காத நான், அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ.

அவள் இடது காது மெல்லக் காய்ந்தது. பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் கேட்டது. வாசலுக்கு அது போதாது.

முதலில் கை காட்டிய அந்த இளைஞர் எங்கள் தோட்டத்தைவிட்டுப் போன பிறகு, வெகுகாலம் கழித்து, வயதான ஒருவர் வாசலுக்கு வந்தார். தாடி வைத்த கறாரான முகம். வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். “எஞ்சே” என்றுதான் ஆரம்பித்தேன்.

“தாஹு, தாஹு,” என்றார் அவர். தெரியும், தெரியும். “காவான் சுடா சாக்காப்.” சேர்ந்து வேலை பார்த்தவர் சொல்லிவிட்டுப் போனாராம். வாசல் சாவியையும் தோட்டாக்களையும் ஒப்படைத்தபோது இதையும் ஒப்படைத்திருக்கிறார்கள், ஒருவர் மாற்றி ஒருவர். எனக்குத் தெரியவே தெரியாது.

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். லயத்துப் பாதையில் என் மனைவி வாளிகளோடு வந்துகொண்டிருந்தாள். பெரியவர் வலது கையைத் தலைக்கு மேலே நிமிர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். அவள் நின்றாள். வாளிகளைக் கீழே வைத்தாள். என் மலாய் வாக்கியத்தின் மிச்சமெல்லாம் என் வாய்க்குள்ளேயே இருந்தது.