பூசை போட்ட வண்டியும் என் மச்சானின் கையும்

என் மச்சானின் இடது கையில் கத்தி இறங்கிய அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். முருகன் எனக்குச் செய்ததை நான் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்தால் அது நன்றிகெட்டதனம். அடியார்களே, பொறுமையாகக் கேளுங்கள். நான் கொஞ்சம் வேகமாகப் பேசுகிறவன். இதைச் சொல்லும்போது இன்னும் வேகமாகிவிடும்.

பதுளைக்குப் போகிற மலைப்பாதையில், எல்ல என்கிற ஊருக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் குடும்பம் இருக்கிறது. என்னிடம் ஒரு பழைய மோட்டார் வண்டி உண்டு. சீமைக்குப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கியது. பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, தச்சரைக் கொண்டு பலகை அடித்துச் சாமான் வண்டியாக்கினேன். பதுளைக் கடைகளிலிருந்து அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று தோட்டங்களுக்கு ஏற்றி வருவது என் தொழில். மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் புருஷனை. தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. என் வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘கிழட்டு எருமை’. ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கிறபோதெல்லாம், “மாப்ள, எருமை கஞ்சி காய்ச்சுது, இறக்கி வை” என்பார்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது சாமி கும்பிடுகிற அளவுக்கு வண்டியைப் பார்க்கிறவன் இல்லை. சக்கரம் கீச்சிட்டால் கிரீசு வைக்க வேண்டும் அல்லவா? நான் விபூதி பூசுவேன். பிரேக்கு தளர்ந்தால் ஒரு எலுமிச்சம்பழம் அதிகமாகக் கட்டுவேன். வண்டியும் ஏதோ ஓடியது. முருகன் பார்த்துக்கொள்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அன்று ஆயுத பூசை. விடிந்ததும் வண்டியைக் கழுவிக் குளிப்பாட்டினேன். ஸ்பானர், குறடு, திருப்புளி எல்லாவற்றையும் துடைத்து வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். உங்களுக்குத் தெரியும், பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியும் வரை தொடக்கூடாது. பிறகு வண்டிக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். அக்கா கெட்டியாக அரைத்துக் கொடுத்த சந்தனம் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. விளக்கு, சக்கரம், வண்டியைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில், கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் டாங்கி, அதன் மூடி, ஒன்றையும் விடவில்லை. மூடிக்கு மட்டும் நல்ல பெரிய பொட்டாக, அப்பளம் மாதிரி, நடுவில் குங்குமத்தோடு. தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கே கண் நிறைந்தது.

மச்சான் வாழைக் கன்று வெட்டப் போயிருந்தார், வண்டியில் கட்டுவதற்கு. பூசைக்கென்று அவருடைய கவ்வாத்துக் கத்தியை முதல் நாள்தான் தீட்டியிருந்தார், இன்னும் பூசையில் வைக்கவில்லை. தண்டு ஈரம். கத்தி வழுக்கி முன்கையில் இறங்கிவிட்டது. இரத்தம் ஒழுகவில்லை அடியார்களே, துடித்துத் துடித்துப் பீச்சியது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா ஓடிவந்தார். முழங்கைக்கு மேலே துணியைச் சுற்றி, அதற்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கிக் கட்டினார். இரத்தம் நின்றது. ஆனால் அவர் முகம் சரியில்லை. “ரத்தக் கொழா அறுந்திருக்கு. பதுளை ஆஸ்பத்திரியிலதான் கட்ட முடியும்,” என்றார். “சொணங்காம கொண்டு போங்க. இந்தக் கட்டு ரொம்ப நேரம் இருந்தா கை போயிரும். அவுத்தா உசுரு போயிரும்.”

பதுளை ரயில் காலையிலேயே போய்விட்டது. இப்போதைய தோட்டத்துத் துரையும் தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். இருந்தது என் எருமை மட்டும்தான். அதுவோ மாலையும் சந்தனமுமாகப் பூசையில் நிற்கிறது. அன்றைக்கு அதை எடுக்கலாமா? நான் ஒரு கணம் தயங்கினேன். சத்தியமாகத் தயங்கினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “சாமி உன் வண்டியையா கேட்டுச்சு? எடுடா,” என்றாள்.

பின்னால் சாக்கு விரித்து மச்சானைப் படுக்க வைத்தோம். அக்கா அவர் கையைத் தன் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டியை எடுத்தேன். ஆனால் என் புத்தியைப் பாருங்கள். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த ஸ்பானர்களைத் தொடவில்லை. வண்டியை எடுத்தது ஒரு குற்றம், ஆயுதங்களையும் எடுத்து இரண்டாவது குற்றம் எதற்கு என்று விட்டுவிட்டு வந்தேன். ஒரு திருப்புளி கூட இல்லாமல் மலைப்பாதையில் இறங்கிய ஒரே மோட்டார்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

எல்ல வரைக்கும் வண்டி நன்றாகத்தான் வந்தது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இரண்டு முறை தும்மியது. நின்றுவிட்டது.

ஹேண்டிலைச் சுற்றினேன். பேச்சு மூச்சில்லை. இறங்கித் தண்ணீரைப் பார்த்தேன், இருந்தது. வயரெல்லாம் தொட்டுப் பார்த்தேன், கழன்றிருக்கவில்லை. ‘முருகா, முருகா’ என்று கத்தியபடியே டாங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டேன், பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. “அரோகரா! முருகா! நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன்!” என்று கத்திக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினேன். பிடித்துக்கொண்டது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார்த்தீர்களா, தேங்காய்க்கே இரங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

தெமோதரை வருவதற்குள் மறுபடியும் நின்றது. இந்த முறை கதிர்காமத்துக்குக் காவடியே நேர்ந்துகொண்டேன். தொண்டை கிழியக் கத்தியபடி மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், சுற்றினேன். மறுபடி பிடித்தது. பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது, மெலிசாக. “மாப்ள, இன்னும் ரெண்டு தடவை நின்னா என்னையும் சேத்துக் கதிர்காமத்துக்கு நேந்து விட்டுருவ போலிருக்கே.” அந்த நிலைமையிலும் அவருக்கு வாய் அடங்கவில்லை. நான் சிரித்தேன், அழுதேன், ஓட்டினேன்.

மூன்றாவது முறை தெமோதரையைத் தாண்டி நின்றது. கடைகண்ணி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. தூறல் ஆரம்பித்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். மச்சான் கண்ணை மூடியிருந்தார். கேலி இல்லை. அவருடைய விரல்கள் நாவற்பழ நிறமாகியிருந்தன. கை மரத்துப்போய் வெகு நேரமாகிவிட்டது என்று அக்கா சொன்னாள். என்னிடம் ஸ்பானர் இல்லை, நேர்ந்துகொள்ள இனி எந்த நேர்த்தியும் பாக்கி இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மண்ணில் முட்டி போட்டு, வாயைத் திறந்து, முன்னைவிடச் சத்தமாக ‘முருகா’ என்று ஆரம்பித்தேன்.

“தம்பி, சத்தம் போடாத,” என்றாள் அக்கா. “அவரு மூச்சு விடுறது எனக்குக் கேக்கணும்.”

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் முருகனைச் சத்தமில்லாமல் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. தேங்காய் சொல்லவில்லை, காவடி சொல்லவில்லை. ‘எனக்குத் தெரியலை அப்பா, நீ காட்டு’ என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். பிறகு எழுந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழையபடி டாங்கி மூடியைத் திருகினேன்.

‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மூடி தளர்ந்ததும் காற்று உள்ளே பாய்கிற சத்தம். முன்னே இரண்டு தடவை திறந்தபோதும் அந்தச் சத்தம் வந்துதான் இருக்கும். நான்தான் அரோகரா போட்டுக்கொண்டிருந்தேனே, எங்கே கேட்கும்? மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. வாய் குறுகின சீசாவைக் கவிழ்த்தால் தண்ணீர் மாட்டிக்கொள்கிற மாதிரிதான். அந்தத் துளையின் மேல் என்னுடைய அப்பளப் பொட்டு காய்ந்து கல்லாக உட்கார்ந்திருந்தது!

மூடியைத் திறந்து பார்த்த போதெல்லாம் காற்று போயிற்று, வண்டி ஓடிற்று. மூடியதும் மறுபடி மூச்சு முட்டியது. முருகனுக்கு வைத்த பொட்டினால் மச்சானை நான் கொன்றுகொண்டிருந்தேன்.

மூடியில்லாமலே ஓட்டலாமென்றால் தூறல் டாங்கிக்குள் விழும். சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். மேலே இருந்தது உதிர்ந்தது, துளைக்குள் இருந்தது அசையவில்லை. “அக்கா, கூரா ஏதாவது இருக்கா? சின்னதா, ஊசி மாதிரி?” என்றேன்.

அக்கா ஒரு கையால் மச்சானின் கையைப் பிடித்தபடி, மறுகையைக் கழுத்துக்குள் விட்டுத் தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள். நம் பெண்கள் தாலியில் ஊக்கு கோத்து வைப்பார்கள் அல்லவா? அதில் ஒன்றைப் பல்லால் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

அடியார்களே, அந்த ஊக்கின் முனையால் குத்தினேன். சந்தனம் மாவாக உதிர்ந்தது. துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று. மூடியைத் திருகி, ஹேண்டிலை ஒரே சுற்று. எருமை உறுமியது! அப்புறம் அது நிற்கவே இல்லை. ஹாலிஎல எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கு நினைவில்லை. பதுளை ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

டாக்டர் ஐயா உடனே உள்ளே கொண்டுபோய் இரத்தக் குழாயைக் கட்டினார். வெளியே வந்து, “இன்னும் கொஞ்சம் சொணங்கியிருந்தா கையை எடுத்திருக்கணும்,” என்றார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் மச்சான் சுண்டுவிரலை அசைத்தார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். நர்சம்மா வந்து அதட்டினார்கள். அதட்டட்டுமே!

கவ்வாத்துக்குக் கிளையை இடது கையால் வளைத்துப் பிடிக்க வேண்டும். இந்தப் பருவக் கவ்வாத்துக்கு மச்சான் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். முன்னைப் போல வேகம் இல்லைதான், ஆனாலும் அவருக்கு விட்ட செடி வரிசையை அவரே வெட்டுகிறார்.

நானும் மாறிவிட்டேன். இப்போது விடியற்காலையில் விளக்கேற்றிவிட்டு நேரே வண்டிக்குத்தான் போவேன். எண்ணெய் பார்ப்பேன், தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுவேன், கிரீசு வைப்பேன், ஒவ்வொரு திருகாணியையும் தொட்டுப் பார்ப்பேன். அதுவும் பூசைதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. விபூதி என் நெற்றிக்கு, கிரீசு சக்கரத்துக்கு. நேர்ந்துகொண்டதையும் விடவில்லை. தேங்காயும் உடைத்தேன், கதிர்காமத்துக்குக் காவடியும் எடுத்தேன். மச்சானும் கூடவே நடந்து வந்தார், வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டு.

அது வெறும் அடைப்புத்தானே, இதில் முருகன் எங்கே வந்தான் என்று பதுளைக் கடையில் ஒருவர் கேட்டார். நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. அடைத்தவன் நான். அது எனக்குத் தெரியும். அந்த ‘உஸ்’ சத்தத்தை என் காதில் விழ வைத்தது யார்? அதுவும் எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஒரு சங்கடம் வந்து வழியில் நின்றுபோனால், நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். நாம் பேசி முடிக்கட்டும் என்று அவன் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பான்? நான் சொன்னதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து பாருங்கள். மச்சான் வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் கூப்பி, “வாங்க” என்பார்.