ஒரு தட்டு என்றால் இல்லை

என் கணவன் டெல்பர்ட்டின் அப்பா மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். அவர் கூவினால் ஆற்றுக்கு அக்கரையில் மேய்கிற மாடுகூட தலையைத் தூக்கிப் பார்க்கும் என்பார்கள். அந்தத் தொண்டைக்கு வாரிசாக மகனைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் அரசாங்கம் பையனை வியட்நாமுக்கு அனுப்பிவிட்டது. போனது அமெரிக்காவில் எங்கள் மிசூரி மாநிலத்தின் இரண்டாவது பெரிய தொண்டை. திரும்பி வந்தது வெறும் குசுகுசுப்பு. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யோசிச்சுக்கோம்மா, இவன் கூப்பிட்டா நாய்கூட வராது" என்றார்.

அங்கே அவன் இருந்தது வேவுக் குழுவில். ஆறு பேர் எதிரியின் காட்டுக்குள் இறங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, இலை அசையாமல் திரும்ப வேண்டும். ரேடியோவை முதுகில் சுமந்தவன் டெல்பர்ட். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நடமாடும்போது வாயைத் திறந்தால் ஆறு பேர் கதையும் முடிந்தது. அதனால் மேலே ஹெலிகாப்டரில் இருப்பவர் கேள்வி கேட்பார். கீழே இருப்பவன் பேசாமல் ரேடியோ பொத்தானை அழுத்துவான். மேலே 'கர்' என்று கேட்கும். ஒரு தடவை என்றால் இல்லை, இரண்டு தடவை என்றால் ஆமாம்.

அந்தப் பழக்கம் ராணுவத்தோடு போயிருந்தால் நான் புண்ணியம் செய்தவள். அது அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. காப்பி வேணுமா என்று சமையலறையிலிருந்து கேட்டால் கொட்டகைச் சுவரில் இரண்டு தட்டு விழும். எங்கள் கல்யாணமே அப்படித்தான் நிச்சயமானது. ஒரு நாள் பொறுமை போய், போனில் நானே கேட்டேன்: "என்னைக் கட்டிக்கிற உத்தேசம் இருக்கா, இல்லையா?" போனை நகத்தால் இரண்டு தட்டு தட்டினான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "திருப்பிச் சொல்லு" என்றேன். மறுபடியும் இரண்டு. தேவாலயத்தில் பாதிரியார் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லை, வாயால்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். அவன் சொன்னது அவருக்கு மட்டும் கேட்டது. பின்வரிசையில் இருந்த என் அத்தை, மாப்பிள்ளை மாட்டேன் என்றுவிட்டான் என்று அழ ஆரம்பித்தாள்.

ஓய்வு பெறும்வரை அவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினான். சேட்டை மிதமிஞ்சிப் போனால் வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பையனிடம் போய்க் காதில் ஏதோ சொல்வான். வண்டி முழுக்க மூச்சுவிடப் பயப்படும். என்னதான் சொல்வாய் என்று கேட்டேன். "உக்காரு கண்ணு" என்பானாம். அவ்வளவுதான்.

ஹெலிகாப்டர்காரர்கள் இதற்கு நேர்மாறு. எஞ்சினும் துப்பாக்கியும் அவர்களுடைய காதைத் தின்றுவிட்டன. பக்கத்து நாற்காலிக்காரனிடம் உப்புக் கேட்பதுகூட ஊருக்கே கேட்கும். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஏரிக்கரை மோட்டல் ஒன்றில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்று சேரும். குசுகுசுப்பவர்கள் ஒரு பக்கம், காது கேளாதவர்கள் ஒரு பக்கம், நடுவில் மனைவிமார்கள் நாங்கள் தொண்டை வற்றி நிற்போம்.

கூட்டத்தில் ஒரே ஒரு கதைதான், அதைச் சொல்வது மெர்ல். டெல்பர்ட்டின் குழுவைக் காப்பாற்றிய ஹெலிகாப்டரில் வாசலோரத் துப்பாக்கிக்காரன் அவன். மலைச்சரிவில் குழுவை எதிரி வளைத்துவிட்டான், எங்கும் குண்டு, வண்டி தரையில் இறங்க இடமில்லை. ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். கடைசியாக டெல்பர்ட் ஓடிவந்து வண்டிக்கு அடியில் இருந்த இரும்புக் காலைப் பிடித்துத் தொங்குகிறான். வண்டி மேலே போகிறது. மெர்ல் குனிந்து அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கிறான். பட்டை வருகிறது, டெல்பர்ட்டும் வருகிறான், கால்சட்டை மட்டும் வரவில்லை. முதல் வருடம் சொன்னபோது அது முழங்கால் வரை இறங்கியிருந்தது. பிறகு மூங்கில் காட்டில் விழுந்தது. இப்போதெல்லாம் எல்லை தாண்டி லாவோஸில் போய் விழுகிறது. எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள், டெல்பர்ட்டும் சிரிப்பான்.

மெர்ல் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. விமானி ராய்ஸை இரண்டு தடவை குண்டுகள் திருப்பி அனுப்பின. எரிபொருள் தீருகிறது, முகாமுக்குத் திரும்பிவிடு என்று மேலிடத்து உத்தரவும் வந்தது. அவர் மூன்றாவது தடவையும் வந்தார். இதை டெல்பர்ட் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு, "அவருக்கு ஒரு நன்றிகூட சொல்லல, நெல்டா" என்றான்.

முயற்சி பண்ணாமல் இல்லை. வருடா வருடம் ராய்ஸின் காதருகே போய் உதட்டை அசைப்பான். அவர் தோளைத் தட்டி, "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று கத்திவிட்டு, சாப்பாடு பரிமாறுகிற இடத்துக்கு விறுவிறுவென்று நடந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் மே மாதம் அவருடைய மகள் ஜோயெல் போன் பண்ணினாள். "அப்பாவை அலாஸ்காவுக்கு என்கூட கூட்டிட்டுப் போறேன், ஆன்ட்டி. இனிமே இவ்வளவு தூரம் வர முடியாது. இந்த ஜூன்தான் கடைசி."

மோட்டலுக்குப் போகும் வழியில் வண்டிக் கண்ணாடியை ஏற்றச் சொன்னேன். "இப்போ கத்து" என்றேன்.

கழுத்து நரம்பு புடைத்தது. முகம் தக்காளியாகச் சிவந்தது. வாயிலிருந்து டயரில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது.

"சரி விடு. நானே அவர்கிட்ட கத்திச் சொல்லிடறேன்."

ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. இல்லை.

"உன் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்றேன். அதற்கும் ஒரு தட்டு.

இரவு விருந்தில் பொரித்த கெளுத்தி மீன். மெர்ல் கால்சட்டையை லாவோஸில் போட்டு முடித்ததும் டெல்பர்ட் எழுந்து மைக்குக்குப் போனான். மைக்கை ரேடியோ மாதிரி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தான். முதுகைச் சுவரில் சாய்த்தான். கண் வாசலிலேயே இருந்தது.

ஒலிபெருக்கி ஒரு தடவை வீல் என்று அலறி அடங்கியது. அப்புறம் அவன் குசுகுசுப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ராய்ஸ். போக வேண்டாம்னு மேலிடம் சொல்லியும் மூணாவது தடவை வந்தீங்க. அதனாலதான் எனக்கு நெல்டா, ரெண்டு பொண்ணுங்க, பேரப்பிள்ளைங்க. நன்றி."

சமையல்காரர்கூட வெளியே வந்து நின்றார். மெர்ல் மேஜைவிரிப்பில் மூக்கைச் சிந்தினான். ராய்ஸ் மட்டும் தட்டிலிருந்த ஆப்பிள் பலகாரத்திலிருந்து தலை நிமிர்ந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் அழறீங்க?" என்று கத்தினார். "யார் செத்தது?"

ஒலிபெருக்கி அலறியதும் காதுக்கருவி இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டார் மனுஷர். நான் ஆவேசமாகப் போய் அவர் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். பின்னாலேயே வந்த டெல்பர்ட் என் முழங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

ராய்ஸ் அவசரமாகக் கருவிகளை எடுக்க, இரண்டும் காப்பிக்குள் விழுந்தன. ஜோயெல் தலையில் கை வைத்துக்கொண்டாள். 'நல்லா இருக்கேன்' என்று எழுந்து ஓடப்போகிறார் என்று நினைத்தேன். ஓடவில்லை. டெல்பர்ட்டையே பார்த்தார். பிறகு கையை மேஜைமேல் நீட்டினார்.

"டேய், பேச முடியலன்னா ரெண்டு தட்டு தட்டு."

டெல்பர்ட் அவருடைய புறங்கையில் இரண்டு தட்டு தட்டினான்.

"உடம்புக்கு ஏதாவதா?"

ஒன்று.

"மெர்ல் சொல்ற கால்சட்டைக் கதை பிடிக்கலையா?"

டெல்பர்ட் கொஞ்சம் யோசித்தான். இரண்டு. மண்டபமே சிரித்தது, மெர்ல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"அதைச் சொல்லவா வந்தே?"

ஒன்று.

ராய்ஸ் அடுத்துப் பேசியபோது, நான் குனிந்து கேட்கும்படி அந்தக் குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவை உங்களை விட்டுட்டுப் போனேன். கீழேயிருந்து பாத்திருப்பீங்க. ஏன்டா லேட்டுன்னு கேக்கத்தான் நீ வருஷா வருஷம் வர்றே. அதான் ஓடிட்டே இருந்தேன். அதைத்தானே கேக்க வந்தே?"

முள்கரண்டி குதிக்கிற அளவுக்கு மேஜையில் ஒரே ஒரு அடி.

"திருப்பிச் சொல்லு."

ஒன்று.

"அப்புறம் எதுக்குடா? நன்றி சொல்லவா?"

இரண்டு.

"பைத்தியக்காரா" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவர்களுக்கு. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

மறுநாள் காலை ஜோயெல் வண்டியைக் கிளப்பியபோது ராய்ஸ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"டெல்பர்ட், லேட்டாயிடுச்சாடா?"

டெல்பர்ட் வண்டிக்கூரையில் ஒரு தட்டு தட்டினான். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை கையைக் கூரையிலேயே வைத்திருந்தான்.