கண்ணுக்கு நேராக நின்ற வரிகள்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் இருபது வருடமாகக் கல்யாணப் பத்திரிகை கம்போஸ் செய்கிறேன். வரி நேராக நிற்கிறதா என்று பார்க்க எனக்கு ஸ்கேல் வேண்டாம், கண்ணே போதும். அந்தத் திமிரோடுதான் ஐம்பது வயதில் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியைப் படிக்க உட்கார்ந்தேன். பெங்களூரில் மகள் அதில்தான் வேலை பார்க்கிறாள்.

அவள் என்னோடு பேசி ஒன்றரை வருடமாகிறது. தனக்குப் பிடித்த பையனின் போட்டோவைக் காட்டியபோது, "என்னம்மா இது, தீவாளி சீசன் முடிஞ்சு மிஞ்சுன ராக்கெட்டு கணக்கா நிக்கான்?" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டு போனவள்தான். பதிவுத் திருமணம் முடிந்த சேதியே என் மனைவி வழியாகத்தான் வந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பத்திரிகை அடித்தவனுக்கு மகள் பத்திரிகைக்கு வேலை இல்லை.

"பேசணும்னா போனைப் போட்டுப் பேசுங்க. எதுக்கு இந்த வயசுல கெடந்து முக்குறீக?" என்றாள் மனைவி.

"பேச விசயம் வேணும்லா?"

அந்த மொழியில், ஒரு சொல்லுக்குப் பின்னால் முதல் வரி தொடங்கினால், சேர்ந்து வரும் மற்ற வரிகளும் அதற்கு நேர் கீழே, எழுத்தெண்ணி அதே இடத்தில் தொடங்க வேண்டும். நான் அடித்த நான்கு வரியும் தூக்குக்குண்டு பிடித்தாற்போல நின்றன. கணினியோ இடம் தப்பு என்றது. மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"எந்த ஃபான்ட்?" என்று பதில் வந்தது.

பத்திரிகைக்குப் போடும் அழகான ஃபான்ட்டின் பெயரைப் பெருமையாக எழுதினேன்.

"அதுல ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம். பாக்க நேரா இருக்கும், எண்ணுனா இருக்காது. எல்லா எழுத்தும் ஒரே அகலமா உள்ளதுக்கு மாத்துங்க."

'அப்பா' என்ற சொல் அதில் இல்லை. மாற்றினேன். என் வரிகள் குடித்துவிட்டு வந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் நின்றன. எண்ணி எண்ணிச் சரிசெய்தேன். "ஓடிருச்சு" என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

இனி எழுத என்ன இருக்கிறது? மறுநாள் காலை மூன்றாவது வரியை நானே ஓர் இடம் தள்ளிவைத்து, "மறுபடியும் கோளாறு" என்று படத்தோடு அனுப்பினேன்.

"நேத்து ஓடுனதுதான? எந்த வரின்னு கம்ப்யூட்டரே சொல்லுதுல்லா? வேணும்னே தள்ளி வச்சிருக்கீக. இதுலயும் வெளையாட்டா?"

வெகுநேரம் யோசித்து, "மாப்பிள்ளை நல்லாருக்காரா?" என்று அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீல டிக் விழுந்தது. அச்சகத்துக்கு நேரமாகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பதில் வரவில்லை.